குதிரைமேல் வந்த குட்டைத் துப்பாக்கி

கார்பைன் என்பது குதிரை வீரனுக்காகக் குறுக்கப்பட்ட துப்பாக்கி. அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலத்துக் காலாட்படை வீரன் தோளில் சுமந்த மஸ்கெட் ஏறத்தாழ நாலே முக்கால் அடி நீளம். சேணத்தில் உட்கார்ந்தபடி அதைத் திருப்பிக் குறி பார்ப்பது ஆகாத காரியம். ஆகவே குழலை வெட்டிக் குறைத்து மொத்த நீளத்தை மூன்றடியை ஒட்டிக் கொண்டுவந்தார்கள். துப்பாக்கியின் இடப்பக்கத்தில் ஒரு சிறு இரும்புக் கம்பியைப் பொருத்தி, அதில் ஓடும் வளையம் ஒன்றையும் கோத்தார்கள். வீரன் மார்பில் குறுக்காக அணிந்த அகலமான தோல்வாரின் கொக்கி அந்த வளையத்தில் மாட்டிக்கொள்ளும். பாயும் குதிரையின் மேல் கை நழுவினாலும் துப்பாக்கி மண்ணில் விழாது, இடுப்போரம் தொங்கும். இன்று ஏலக்கூடத்திலோ அருங்காட்சியகத்திலோ ஒரு பழைய துப்பாக்கி குதிரைப்படையுடையதா என்று பார்ப்பவர்களின் கண் முதலில் தேடுவது இந்த வளையத்தைத்தான்.

குழலைக் குறைத்ததும் தூக்குவது எளிதாயிற்று. மருந்து கெட்டிப்பது எளிதாகவில்லை. பழைய முறையில் குழலின் வாய் வழியாகக் கரிமருந்தைக் கொட்டி, குண்டைப் போட்டு, நீண்ட கோலால் இடிக்க வேண்டும். ஒரு கையில் கடிவாளம், மறு கையில் கோல், இடுக்கில் துப்பாக்கி என்று குதிரைமேல் இதைச் செய்ய முயன்றவர்கள் கோலைத் தவறவிட்டார்கள், மருந்தைச் சிந்தினார்கள். துப்பாக்கியின் பின்பக்கத்தைத் திறந்து அங்கேயே தோட்டாவைப் போட முடிந்தால் இந்தப் பாடெல்லாம் இல்லை. ஆனால் பின்பக்கம் திறக்கிற எதுவும் முழுதாக மூடாது. வெடிக்கும்போது அந்த இடுக்கு வழியாக நெருப்பும் புகையும் சுடுபவனின் முகத்தில் சீறும். 1830களிலிருந்து 1870கள் வரை அமெரிக்காவில் உருவான கார்பைன்களின் கதை, பெரும்பாலும் இந்த ஒரு கசிவை அடைக்கப் பலர் பலவிதமாக மண்டையை உடைத்துக்கொண்ட கதை. அந்த வகைமிகுதியே இந்தத் துறையைச் சேகரிப்பாளர்களின் வேட்டைக்காடாக்கியிருக்கிறது.

எதைப் பழம்பொருள் என்பது என்பதில் நாட்டுக்கு நாடு சட்டம் வேறு. அமெரிக்காவின் 1968ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1898லோ அதற்கு முன்போ செய்யப்பட்டவற்றைப் பழம்பொருளாகக் கொள்கிறது. அதனால் உள்நாட்டுப் போர்க்காலக் கார்பைன்கள் அந்நாட்டுக் கூட்டாட்சிச் சட்டப்படி நவீனத் துப்பாக்கிகளுக்குரிய விதிகளுக்குள் வருவதில்லை. மாநிலச் சட்டங்கள் தனி. இந்தியாவில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45ஆம் பிரிவு, பழைய மாதிரியாகவோ தொன்மை மதிப்புடையதாகவோ பழுதானதாகவோ இருந்து, செப்பனிட்டாலும் சுடப் பயன்படாத ஆயுதத்துக்கு மட்டுமே விலக்கு தருகிறது. சுடக்கூடிய நிலையில் இருந்தால், தாத்தா காலத்துத் துப்பாக்கி என்று சொல்லித் தப்ப முடியாது. நூறாண்டைக் கடந்த கலை, கைவினை, வரலாற்றுப் பொருள்களைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவதை 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் தடுக்கிறது.

ஹாலும் அவருடைய பழைய சரக்கும்

அமெரிக்க அரசு ஏற்றுக்கொண்ட முதல் பின்வாய்த் துப்பாக்கி ஜான் ஹால் என்பவருடையது. 1811இல் காப்புரிமை பெற்ற அவர், வர்ஜீனியாவின் ஹார்ப்பர்ஸ் ஃபெரி ஆயுதச்சாலையில் அதைத் தயாரித்தார். குழலின் பின்முனையில் ஒரு சிறு இரும்புக் கட்டை மேல்நோக்கி எழும்பும். அதன் வாயில் மருந்தும் குண்டும் போட்டு மீண்டும் அமுக்கிவிட வேண்டும். 1833இல் டிராகூன் என்ற குதிரைப் படைப்பிரிவு தொடங்கப்பட்டபோது அதற்கென இதே அமைப்பில் கார்பைன் செய்தார்கள். கனெக்டிகட்டில் சிமியன் நார்த் தயாரித்த அந்த 1833 மாதிரிதான் சக்கிமுக்கிக் கல்லைக் கைவிட்டு, தட்டினால் தீப்பொறி தரும் சிறு செப்புக் கேப்பைப் பயன்படுத்திய முதல் அமெரிக்கப் படைத் துப்பாக்கி. ஒரு துப்பாக்கியின் பாகம் இன்னொன்றிலும் பொருந்தும்படி எந்திரத்தில் கடைவதை ஹாலும் நார்த்தும் செய்து காட்டினார்கள் என்பதால், தொழில்நுட்ப வரலாற்றுக்காரர்களும் இந்தத் துப்பாக்கியைத் தேடுகிறார்கள். கசிவு மட்டும் கடைசிவரை தீரவில்லை.

ஹால் கார்பைன் இன்னொரு காரணத்தாலும் பெயர்பெற்றது. 1861இல் போர் மூண்ட நேரத்தில் அரசின் கிடங்கில் கிடந்த 5,000 ஹால் கார்பைன்களை ஆர்தர் ஈஸ்ட்மன் என்ற வணிகர் ஒன்று 3.50 டாலர் வீதம் வாங்கினார். அதை 12.50 டாலருக்கு சைமன் ஸ்டீவன்ஸ் வாங்கினார். அதற்குக் கடன் கொடுத்தவர் அப்போது இளைஞராக இருந்த வங்கியாளர் ஜே.பி. மார்கன். மழமழப்பாக இருந்த குழலுக்குள் புரி வெட்ட ஒன்றுக்கு 75 சென்ட் செலவு. பிறகு 22 டாலர் வீதம் அவை ஜெனரல் ஃப்ரீமான்ட்டிடம், அதாவது அதே அரசிடமே, திரும்பி வந்தன. நாடாளுமன்ற விசாரணை வரை போன ஊழல் இது. மழமழப்பான குழலில் பிற்பாடு புரி வெட்டிய ஹால் கார்பைன் ஒன்று கண்ணில் பட்டால், விவரம் தெரிந்த சேகரிப்பாளருக்கு முதலில் நினைவு வருவது இந்த வியாபாரம்தான். குழலுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தே ஓர் ஊழலின் தடயத்தைக் கண்டுவிடலாம் என்பது இத்துறையின் சுவைகளில் ஒன்று.

நான்கு லட்சம் கார்பைன்கள்

1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரில் வடக்கு அரசு 4 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்பைன்களை வாங்கியது. அவசரத்தில், யார் எதைக் கொண்டுவந்தாலும் வாங்கினார்கள். ஏறத்தாழ இருபது வகை. ஒன்றின் தோட்டா மற்றொன்றில் சேராது. தோட்டா வழங்கும் அதிகாரிகளுக்குத் தலைவலியாக இருந்த இந்தக் குழப்பம், நூற்றைம்பது ஆண்டு கழித்துச் சேகரிப்பாளர்களுக்கு வரமாகிவிட்டது.

இவற்றில் முதன்மையானது ஷார்ப்ஸ். ஹாலின் கீழ் ஹார்ப்பர்ஸ் ஃபெரியில் வேலை பார்த்த கிறிஸ்டியன் ஷார்ப்ஸ் 1848இல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. விசையைச் சுற்றியுள்ள வளைவைக் கீழே தள்ளினால், குழலின் பின்வாயை அடைத்து நிற்கும் கனத்த இரும்புக் கட்டை செங்குத்தாக இறங்கும். தோட்டாவைச் செருகிவிட்டு வளைவை ஏற்றினால், கட்டையின் கூரான விளிம்பு துணித் தோட்டாவின் பின்முனையைச் சீவிக்கொண்டே மேலேறும்; மருந்து வெளிப்பட்டு நெருப்புக்குத் தயாராகிவிடும். போர்க்காலத்தில் அரசு வாங்கிய ஷார்ப்ஸ் கார்பைன்கள் 80,512. அதற்கு முன்பே இந்தத் துப்பாக்கி அரசியலில் இறங்கிவிட்டது. அடிமை முறையை ஒழிக்கக் கிளம்பிய ஜான் பிரவுன் 1859 அக்டோபர் 16 இரவு ஹார்ப்பர்ஸ் ஃபெரி ஆயுதச்சாலையைத் தாக்கப் போனபோது, அவர் திரட்டி வைத்திருந்தவை ஏறத்தாழ 200 ஷார்ப்ஸ் கார்பைன்கள். குறிதவறாமல் சுடுபவரைச் சுட்டும் 'ஷார்ப்ஷூட்டர்' என்ற ஆங்கிலச் சொல் இந்தத் துப்பாக்கியிலிருந்து வந்ததாகப் பலர் சொல்வார்கள். அந்தச் சொல் ஷார்ப்ஸ் காப்புரிமை வாங்குவதற்கு முன்பே புழக்கத்தில் இருந்தது.

கசிவை உண்மையில் அடைத்தது துப்பாக்கி அல்ல, தோட்டா. இதைப் புரிந்துகொண்டவர்களில் ஒருவர் ஆம்ப்ரோஸ் பர்ன்சைடு. ராணுவத்திலிருந்து விலகி, ரோட் ஐலண்டில் தொழிற்சாலை வைத்து, 1856இல் காப்புரிமை வாங்கினார். அவருடைய பித்தளைத் தோட்டா ஐஸ்கிரீம் கோன் போலப் பின்பக்கம் கூம்பியிருக்கும். நடுவே ஒரு வீக்கம். வெடிக்கும்போது அந்த வீக்கம் விரிந்து, குழலுக்கும் அறைக்கும் இடைப்பட்ட இடுக்கை அடைத்துக்கொள்ளும். எதிர்பார்த்த அரசு ஒப்பந்தம் கிடைக்காமல் பர்ன்சைடு கடனாளியாகி, காப்புரிமையைக் கடன்காரர்களிடம் விட்டுவிட்டார். போர் வந்ததும் அரசு 55,567 பர்ன்சைடு கார்பைன்களை வாங்கியது. அவருக்கு அதில் பங்கில்லை. அவர் அப்போது ஜெனரலாகி, 1862 டிசம்பரில் ஃபிரடெரிக்ஸ்பர்க்கில் பெருந்தோல்வி ஒன்றைச் சந்தித்துக்கொண்டிருந்தார். கிருதாவுக்கு ஆங்கிலத்தில் இன்று வழங்கும் 'சைடுபர்ன்ஸ்' என்ற பெயர் அவருடைய அடர்ந்த கன்ன மயிரிலிருந்து வந்தது. துப்பாக்கி தந்த புகழைவிட அது நீடித்துவிட்டது.

மருத்துவரான கில்பர்ட் ஸ்மித் ரப்பர் தோட்டாவில் நம்பிக்கை வைத்தார். அவருடைய கார்பைன் விசைக்கு முன்னுள்ள சிறு பித்தளைக் குமிழை அழுத்தியதும் நடுவில் மடங்கித் திறக்கும். வாஷிங்டனின் பல் மருத்துவர் எட்வர்ட் மேனார்டு, அடிப்பக்கத்தில் ஊசித்துளை போட்ட பித்தளைத் தோட்டாவைச் செய்தார். அவர் செய்த இன்னொரு வேலை தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கும் தெரிந்ததே. தனித்தனிக் கேப்புக்குப் பதிலாக, இரண்டு காகித நாடாக்களுக்கு இடையே வெடிப்பொட்டுகளை வரிசையாக ஒட்டிச் சுருளாக்கி, குதிரையை இழுக்கும்போதெல்லாம் ஒரு பொட்டு முன்னால் நகரும்படி அமைத்தார். (துப்பாக்கியில் கேப்பைத் தட்டும் சுத்திக்குத் தமிழில் குதிரை என்றே பெயர்.) தீபாவளிக்கு வாங்கும் சுருள் கேப்பின் மூதாதை அதுதான். போர்க்களத்தில் ஈரம் பட்டு அந்த நாடா நமுத்துப்போனதால், மேனார்டின் இரண்டாம் மாதிரியில் அதை விட்டுவிட்டார்கள். வரலாறு தேடுபவருக்கு இந்தச் சிறு மாற்றம் பெரிய துப்பு. சுருள் வைக்கும் பெட்டியுடன் கூடிய முதல் மாதிரியில் செய்யப்பட்டவை 5,000 அளவில். போருக்குச் சற்று முன் அவற்றில் பலவற்றைத் தென்மாநிலங்கள் வாங்கியிருந்தன. இரண்டாம் மாதிரி போரின் கடைசியில் வடக்குப் படைக்குப் போனது. ஒரே பெயர் கொண்ட இரண்டு துப்பாக்கிகள் எதிரெதிர் அணிகளில் நின்றிருக்கின்றன.

இவை எல்லாவற்றையும் பின்தள்ளியது கிறிஸ்டோபர் ஸ்பென்சரின் கார்பைன். 1860 மார்ச் 6இல் காப்புரிமை. பின்கட்டைக்குள் ஒரு குழாய்; அதில் ஏழு தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக இருக்கும். விசைக்காப்பைக் கீழே தள்ளி ஏற்றினால் சுட்ட தோட்டாவின் கூடு வெளியே விழும், புதியது உள்ளே போகும். தோட்டாவின் செப்புக்கூடே கசிவை அடைத்துவிடுவதால் முகத்தில் நெருப்பு இல்லை. 1863 ஆகஸ்ட் 18 அன்று ஸ்பென்சர் தம் துப்பாக்கியை வெள்ளை மாளிகைக்கு எடுத்துச் சென்று, வெளியே திறந்தவெளியில் லிங்கனோடு சேர்ந்து சுட்டுக் காட்டினார். அந்த ஆண்டு இலையுதிர்காலத்தில் கார்பைன்கள் படைக்கு வரத்தொடங்கின. போர்க் கணக்கில் மொத்தம் 94,196. எண்ணிக்கையில் இதை விஞ்சிய கார்பைன் அந்தப் போரில் இல்லை.

அரிதானவை எப்படி அரிதாயின

அரிதாக இருப்பதற்கும் பழையதாக இருப்பதற்கும் தொடர்பு குறைவு. ஒரு லட்சத்தை நெருங்கிச் செய்யப்பட்ட ஸ்பென்சர் இன்றும் தேடினால் கிடைக்கும். கிப்ஸ் கார்பைன் அப்படியல்ல. அரசு 10,000 கேட்டிருந்தது. நியூயார்க்கில் அதைச் செய்துகொண்டிருந்த ஆயுதச்சாலை, நகர மேயர் ஜார்ஜ் ஆப்டைக்குடன் தொடர்புடையது. 1863 ஜூலையில் கட்டாயப் படைச்சேர்ப்பை எதிர்த்து நகரத்தில் பெருங்கலவரம் வெடித்தபோது, ஆயுதம் இருக்கிறது என்பதாலும் மேயரின் இடம் என்பதாலும் கூட்டம் அதைச் சூழ்ந்து கொளுத்தியது. அதற்குள் படைக்குப் போய்ச் சேர்ந்திருந்தவை 1,052. கிப்ஸ் கார்பைனை எத்தனை பேர் வைத்திருந்தாலும், அத்தனையும் அந்த 1,052க்குள் அடங்க வேண்டும்.

பால்மர் கார்பைன் அரிதானதற்கு வேறு காரணம்: 1,001 துப்பாக்கிகள் தயாராகி வந்தபோது போர் முடிந்துவிட்டது. தாழ்ப்பாளைத் திருப்பி இழுப்பதுபோல் திறக்கும் அமைப்பைக் கொண்டு, உலோகத் தோட்டாவைச் சுட்ட முதல் அமெரிக்கப் படைத் துப்பாக்கி இது. போரைப் பார்க்காததால் பல பால்மர்கள் அன்று பெட்டியில் இருந்த நிலையிலேயே இன்றும் இருக்கின்றன. அரிதாகவும் பளபளப்பாகவும் ஒரே பொருள் கிடைப்பது அபூர்வம். ஆனால் அதற்குச் சொல்ல ஒரு கதையும் இல்லை.

தென்மாநிலங்களின் கார்பைன்கள்தான் சேகரிப்பாளர்களின் கனவு. ரிச்மண்ட் நகரில் எஸ்.சி. ராபின்சன் என்பவரின் தொழிற்சாலை ஷார்ப்ஸைப் பார்த்து நகல் செய்தது. பின்னர் தென்னரசே அதை ஏற்று நடத்தியது. இரண்டும் சேர்ந்து 5,000 அளவில். பட்டையும் பின்தகடும் பித்தளை. அசல் ஷார்ப்ஸில் இருந்த நுணுக்கமான கேப் ஏற்றும் பொறி இதில் இல்லை. எஃகும் தேர்ந்த கைகளும் போதாத நாட்டின் நிலைமை அந்தத் துப்பாக்கியிலேயே எழுதியிருக்கிறது. தென் கரோலைனாவின் கிரீன்வில்லில் ஜார்ஜ் மோர்ஸ் செய்த பித்தளை உடல் கார்பைன் ஆயிரம் அளவில்; வட கரோலைனாவின் கிரீன்ஸ்பரோவில் செய்த டார்ப்லி சில நூறுதான். இவை ஏலத்துக்கு வரும்போது பாதிப் பேர் வாங்க வருகிறார்கள், பாதிப் பேர் சந்தேகப்பட வருகிறார்கள்.

போருக்குப் பின் நடந்தது

போர் முடிந்து வீடு திரும்பிய வடக்கு வீரர்கள், 1865 மே மாத ஆணை ஒன்றின்படி, தங்கள் ஆயுதத்தை விலைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்றானது. மஸ்கெட்டுக்கு 6 டாலர், ஸ்பென்சர் கார்பைனுக்கு 10, மற்றக் கார்பைன்களுக்கு 8, வாளுக்கு 3. சம்பளப் பாக்கியில் பிடித்துக்கொள்வார்கள். குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக வந்த கார்பைன்களில் நம்பத்தக்க கதை கொண்டவை பெரும்பாலும் இப்படி வெளியேறியவை. எஞ்சியவை கிடங்குக்குத் திரும்பின. அங்கிருந்து அவற்றின் பாதை கிளைத்துப் போகிறது. 1867க்குப் பின் ஏறத்தாழ 31,000 ஷார்ப்ஸ் கார்பைன்கள் துணித் தோட்டாவிலிருந்து உலோகத் தோட்டாவுக்கு மாற்றப்பட்டன. ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதச்சாலை 11,000 அளவில் ஸ்பென்சர்களின் குழலுக்குள் மெல்லிய உறை செருகி விட்டத்தைக் குறைத்தது. 1870இல் பிரஷ்யாவோடு போரில் இறங்கிய பிரான்ஸ் அமெரிக்க உபரி ஆயுதங்களை அள்ளி வாங்கியதில் கார்பைன்களும் போயின. அமெரிக்கக் கார்பைன் ஒன்று ஐரோப்பிய வீட்டுப் பரணில் அகப்பட்டால் வியப்பதற்கில்லை.

எஞ்சிய உபரியில் பெரும்பகுதி நியூயார்க்கின் ஃபிரான்சிஸ் பேனர்மன் போன்ற வணிகர்களிடம் போயிற்று. பேனர்மன் ஹட்சன் ஆற்றில் ஒரு தீவையே 1900இல் வாங்கி, அதில் ஸ்காட்லாந்துக் கோட்டை போல ஆயுதக் கிடங்கு கட்டினார். அவருடைய விற்பனைப் பட்டியல்களில் போர்க்காலக் கார்பைன்கள் சில டாலருக்குக் கிடைத்தன. கூடவே உதிரிப் பாகங்களை ஒட்டிச் சேர்த்த துப்பாக்கிகளும் விற்பனையாயின. யாரையும் ஏமாற்றும் நோக்கம் அன்று அதில் இல்லை. ஓடுகிற சரக்கு, அவ்வளவுதான். ஆனால் ஒன்றின் குழலும் இன்னொன்றின் கட்டையும் சேர்ந்த அந்தக் கலவைகளே நூறாண்டு கழித்து வாங்குபவரைத் திணறடிக்கின்றன.

கட்டையும் இரும்பும் சொல்வது

வரலாறு தேடுவது துப்பாக்கியைக் கையில் வாங்கிப் பார்ப்பதில் தொடங்குகிறது. அரசு வாங்கிய ஒவ்வொரு துப்பாக்கியையும் ஆய்வாளர் சோதித்து, தேறினால் கட்டையின் இடப்பக்கம் நீள்வட்டத்துக்குள் தம் பெயரின் முதலெழுத்துகளை முத்திரையாக அழுத்துவார். உலோகப் பாகங்களில் துணை ஆய்வாளர்களின் ஒற்றை எழுத்துகள் இருக்கும். மரத்தில் அழுந்திய அந்த முத்திரையின் விளிம்பு கூர்மையாகத் தெரிந்தால், கட்டையை யாரும் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவில்லை என்று பொருள். மரம் இரும்பின் மட்டத்துக்குக் கீழே போயிருந்தால், யாரோ அழகுபடுத்தியிருக்கிறார்கள். மதிப்பு அங்கேயே பாதி போய்விட்டது. பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்க்கும் பழக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு இது விசித்திரமாகத் தோன்றும். இந்தத் துறையில் பழுப்பேறிய இரும்பும் கறுத்த மரமும்தான் காசு. மெல்ல எண்ணெய் தடவித் துருவை நிறுத்துவதோடு கை நின்றுவிட வேண்டும்.

இரண்டு முத்திரை இருந்தால் இரண்டு வாழ்க்கை. ஸ்பென்சர் கார்பைனின் கட்டையில் போர்க்கால ஆய்வாளரின் எழுத்துகளோடு 'இஎஸ்ஏ' என்பதும் சேர்ந்திருந்தால், அது போருக்குப் பின் ஸ்பிரிங்ஃபீல்டுக்கு வந்து குழலில் உறை செருகப்பட்டது என்று தெரியும். அந்த எழுத்துகள் அங்கே தலைமைக் கம்மியராக இருந்த எர்ஸ்கின் எஸ். ஆலினுடையவை. வளையம் ஓடிய கம்பியின் தேய்மானம், சேணத்தின் தோல் உறையில் உராய்ந்து குழல்முனை இழந்த நிறம், ஸ்க்ரூ தலைகளின் காயம் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும். கட்டை முழுக்க அடிபட்டிருக்க, வளையக் கம்பி மட்டும் புதுசாக மின்னினால் கேள்வி எழும்.

பிரிட்டிஷ் கார்பைன்களில் இந்த வேலை சற்று எளிது. பின்கட்டையில் பதித்த பித்தளை வில்லையில் எந்தப் படைப்பிரிவு, எத்தனையாவது துப்பாக்கி என்பதைப் பொறித்து வைப்பது அவர்கள் வழக்கம். கட்டையில் அகன்ற அம்பும் கிரீடமும் இருக்கும்; அம்புகள் இரண்டு முனையோடு முனை மோதி நின்றால் அது படையிலிருந்து கழித்து விற்கப்பட்டது. குழல்களும் பேசும்: 1857க்குப் பிறகு பிரிட்டிஷார் இந்தியச் சிப்பாய்களுக்குக் கொடுத்த துப்பாக்கிகளில் குழல் புரியைக் கடைந்து நீக்கி மழமழப்பாக்கினார்கள். தூரத்துக் குறி அவர்களுக்கு வாய்க்கக் கூடாது என்பது எண்ணம். கிளர்ச்சிக்குப் பிந்தைய அவநம்பிக்கையை விட்டம் அளந்து காணலாம்.

காகிதத்தில் மிஞ்சியது

துப்பாக்கியில் வரிசை எண் இருக்கிறது. ஆகவே யாரிடம் கொடுத்தார்கள் என்று எங்காவது எழுதியிருக்கும் என்பது புதிதாக வருபவர்களின் நம்பிக்கை. பெரும்பாலான கார்பைன்களுக்கு அப்படி எதுவும் இல்லை. வாஷிங்டனில் உள்ள அமெரிக்கத் தேசிய ஆவணக்காப்பகத்தில் ஆயுதத் துறையின் காலாண்டுக் கணக்குகள் இருக்கின்றன. எந்தப் படைப்பிரிவின் எந்தக் கம்பெனியிடம் எந்த வகைக் கார்பைன் எத்தனை இருந்தது என்று அவை சொல்லும். எந்த எண் என்று சொல்லாது. எண் வேண்டுமானால் கம்பெனி எழுத்தர் எழுதி வைத்த பேரேடு கிடைக்க வேண்டும், அந்த எழுத்தர் பொறுப்பானவராகவும் இருந்திருக்க வேண்டும். ஸ்பிரிங்ஃபீல்டு ரிசர்ச் சர்வீஸ் என்ற அமைப்பின் ஃபிராங்க் மல்லோரி, ஆண்டுக்கணக்கில் இந்தத் தாள்களைப் புரட்டி, திருட்டுப் புகார், பழுதுக் கடிதம், ஒப்படைப்புப் பட்டியல் என்று எண் தென்பட்ட இடமெல்லாம் குறித்தெடுத்துப் பல தொகுதிகளாக வெளியிட்டார். அதில் எண் அகப்பட்டவர்கள் அதிர்ஷ்டசாலிகள். அகப்படாதவர்கள் பக்கத்து எண்ணைப் பார்த்து, 'இதற்கு முப்பது எண் முன்னால் உள்ளது நியூயார்க் குதிரைப்படையில் இருந்தது, எனவே இதுவும்' என்று வாதிக்கிறார்கள். பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்த கை எண் வரிசை பார்த்துக் கொடுக்கவில்லை என்பதை அதே தொகுதிகள் காட்டுகின்றன. இந்த வாதத்துக்குக் காசு கொடுப்பது வீண்.

கட்டையில் கத்தியால் செதுக்கிய பெயரெழுத்துகள் இன்னொரு பொறி. அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறையின் போர்வீரர் தரவுத்தளத்தில் 63 லட்சம் பெயர்ப் பதிவுகள் உள்ளன. 'ஜே.பி.' என்று இரண்டெழுத்து இருந்தால் ஆயிரம் ஜே.பி.க்கள் வரிசையில் நிற்பார்கள். முழுப்பெயர், கம்பெனி எழுத்து, படைப்பிரிவு எண் மூன்றும் இருந்து, அந்தப் பிரிவுக்கு அந்த வகைக் கார்பைன் கொடுத்ததைக் காலாண்டுக் கணக்கும் உறுதி செய்தால் மட்டுமே கதை நிற்கும்.

கையிலிருந்து கைக்கு ஐயமின்றித் தொடரும் வரலாறு எப்படி இருக்கும் என்பதற்கு லிங்கன் கொலை வழக்கு உதாரணம். ஜனாதிபதியைக் கடத்தும் பழைய திட்டத்துக்காக இரண்டு ஸ்பென்சர் கார்பைன்களை மேரிலாந்தில் மேரி சராட்டுக்குச் சொந்தமான சத்திரத்தில் ஒளித்து வைத்திருந்தார்கள். 1865 ஏப்ரல் 14 நள்ளிரவில் கொலைகாரன் ஜான் வில்க்ஸ் பூத்தும் கூட்டாளி ஹெரால்டும் அங்கே வந்து ஒன்றை மட்டும் எடுத்துப் போனார்கள். பூத்தின் கால் முறிந்திருந்ததால் இரண்டாவது சுமையாகிவிட்டது. அது பிறகு சுவரின் பூச்சுக்குப் பின்னிருந்து எடுக்கப்பட்டது. துப்பாக்கிகளைத் தயாராக வைக்கும்படி சராட் சொன்னார் என்ற சத்திரக் குத்தகைக்காரர் ஜான் லாய்டின் சாட்சியம் மேரி சராட்டைத் தூக்குமேடைக்கு அனுப்பியது. வழக்கின் சான்றுப்பொருளாகி அரசுக் காவலிலேயே இருந்ததால், அந்தக் கார்பைன்களின் வரலாற்றில் இடைவெளி விழவில்லை.

போலிகள்

காகிதம் முடியும் இடத்தில் கதை தொடங்குகிறது. ஷார்ப்ஸ் கார்பைன்களில் சிலவற்றின் பின்கட்டையில் கைப்பிடியோடு ஒரு சிறு அரவை எந்திரம் இருக்கும். வீரர்கள் காப்பிக்கொட்டை அரைக்க வைத்தது என்று நெடுங்காலம் நம்பினார்கள். அதில் காப்பி சரியாக அரைபடுவதில்லை. தானியம் உடைக்க இருந்திருக்கலாம். அசலாகத் தெரிந்தவை விரல்விட்டு எண்ணத்தக்கவை. சாதாரண ஷார்ப்ஸில் அரவை எந்திரம் பொருத்தி விற்ற போலிகள் அதைவிட அதிகம். வடக்கின் துப்பாக்கியில் எழுத்துகளை அழித்துத் தெற்கின் துப்பாக்கியாக்குவது இன்னொரு தொழில். 1960களில் போரின் நூற்றாண்டையொட்டிப் பெருகிய மறு உருவாக்கங்களும் உண்டு. அவற்றில் பல இத்தாலியில் செய்தவை. சோதனைச்சாலை முத்திரையை அராவி எடுத்து, உப்பும் அமிலமும் பூசி மூப்பேற்றினால் அனுபவமற்ற கண்ணுக்குத் தெரியாது. அராவிய இடத்தில் இரும்பு சற்றே பள்ளமாக இருக்கும்.

1873 மாதிரி ஸ்பிரிங்ஃபீல்டு கார்பைனில் ஏமாற்று வேறு வகை. மேலே சிறு கதவுபோல் தூக்கித் திறப்பதால் 'டிராப்டோர்' என்று பெயர்பெற்ற துப்பாக்கி இது. நீளமான ரைஃபிள் வடிவமும் உண்டு. அது மலிவு, கார்பைன் விலை அதிகம். எனவே ரைஃபிளை அறுத்துக் கார்பைனாக்கினார்கள். ரைஃபிளின் கட்டையில் கீழ்ப்பக்கம் கோல் செருக ஓடை இருக்கும். கார்பைனுக்கு அது கிடையாது. கட்டையின் முன்முனையில் மரத்துண்டு வைத்து அடைத்த தடம் தெரிந்தால் வேறு ஆய்வு தேவையில்லை.

லிட்டில் பிக்ஹார்ன்

இந்த டிராப்டோர் கார்பைன்தான் 1876 ஜூன் 25இல் மொன்டானாவின் லிட்டில் பிக்ஹார்ன் ஆற்றங்கரையில் பழங்குடி வீரர்களோடு மோதிய, கஸ்டர் என்ற அதிகாரியின் ஏழாம் குதிரைப்படை வைத்திருந்தது. அதைத் தேர்ந்தெடுத்த குழுவுக்குத் தலைமை வகித்த ஜெனரல் டெர்ரியே அந்தப் படையெடுப்பின் தளபதி. கஸ்டரோடு நேரடியாகச் சென்ற ஐந்து கம்பெனிகளில் ஏறத்தாழ 210 பேர் லகோட்டா, செயென் வீரர்களிடம் மாண்டார்கள். அவர்களுடைய கார்பைன்கள் வென்றவர்களிடம் போயின. அன்று முதல் 43 ஆயிரத்துச் சொச்சத்துக்குக் கீழ்ப்பட்ட எண்ணுள்ள டிராப்டோர் கார்பைன் ஒவ்வொன்றும் 'அங்கே இருந்திருக்கலாம்' என்று விற்கப்படுகிறது. அந்த எண்ணுக்குள் பல்லாயிரம் துப்பாக்கிகள் உண்டு. களத்தில் இருந்த படைவீரர்கள் அறுநூறு சொச்சம்.

1983 ஆகஸ்டில் அந்தப் புல்வெளி தீப்பிடித்து எரிந்து தரை வெளிப்பட்டது. அடுத்த இரண்டு கோடைகளில் டக்ளஸ் ஸ்காட், ரிச்சர்ட் ஃபாக்ஸ் ஆகிய தொல்லியலாளர்கள் உலோகம் காட்டும் கருவிகளோடு களத்தை வரிசைவரிசையாகத் துழாவினார்கள். கிடைத்த தோட்டாக் கூடுகளில் ஊசி குத்திய தழும்பையும், கூட்டை இழுத்த கொக்கியின் கீறலையும் நுண்ணோக்கியில் ஒப்பிட்டார்கள். குற்றவியல் ஆய்வகத்தில் கொலைத் துப்பாக்கியை அடையாளம் காணும் அதே முறை. ஒவ்வொரு துப்பாக்கிக்கும் அந்தத் தழும்பு தனி. ஒரே துப்பாக்கியின் கூடுகள் மேட்டில் இரண்டு, பள்ளத்தில் மூன்று என்று கிடந்ததைப் புள்ளிவைத்து இணைத்தபோது, அதை வைத்திருந்தவர் எந்த வழியாக நகர்ந்தார் என்பது வரைபடத்தில் தெரிந்தது. பழங்குடி வீரர்கள் பயன்படுத்தியவை நாற்பதுக்கும் மேற்பட்ட துப்பாக்கி வகைகள் என்றும் தெரிந்தது. டிராப்டோரின் செப்புக்கூடு சூட்டில் ஒட்டிக்கொண்டு கழலாததால்தான் கஸ்டர் தோற்றார் என்ற நெடுநாள் பேச்சையும் கூடுகள் ஆதரிக்கவில்லை. கத்தியால் நெம்பிய கீறல் மிகச் சிலவற்றில்தான் இருந்தது.

பிறகு, தனியாரிடமும் அருங்காட்சியகங்களிலும் இருந்த பழைய துப்பாக்கிகளைச் சுட்டுப் பார்த்து, அவை விட்ட தழும்பைக் களத்துக் கூடுகளோடு ஒப்பிட்டார்கள். கொண்டுவந்தவற்றில் பெரும்பாலானவை பொருந்தவில்லை. பொருந்திய சிலவற்றுக்கு முத்திரையோ பேரேடோ குடும்பக் கதையோ தேவைப்படவில்லை. மண்ணுக்குள் நூறாண்டுக்கு மேல் கிடந்த செப்புக்கூடும், அதைச் சுட்ட துப்பாக்கியின் ஊசியும் ஒரே நுண்ணோக்கியின் கீழ் ஒத்துப்போயின.